டேன்ஜென்ட் கால்வனாமீட்டருக்கு எவ்வளவு வரும்?

போன மாதம் நம் இயற்பியல் ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். பணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "டேன்ஜென்ட் கால்வனாமீட்டருக்கு நம்ம ஊர் பக்கம் எவ்ளோ வரும்னு யாராச்சும் சொல்லுங்க, பசங்களுக்குச் சொல்லிடலாம்." கேட்டது விலையை அல்ல, செய்முறைத் தேர்வில் வரவேண்டிய விடையை. கேட்ட கையோடு ஒரு கும்பிடு பொம்மை. அடுத்த நிமிடமே சீனியர்கள் வரிந்துகட்டிக்கொண்டு விடையை அனுப்பினார்கள். ஒருவர் இன்னும் தாராள மனசுக்காரர், அளவீடுகளை முழுசாக அட்டவணை போட்டுப் படமெடுத்தே அனுப்பிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை, மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நானும் மூச்சுக் காட்டாமல் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியை இந்த மாவட்டத்தில் கேட்காத இயற்பியல் ஆசிரியர் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு முறை எங்கள் ஆய்வகத்தில் மூன்று பேர் சரியான விடை எழுதி மாட்டிக்கொண்டார்கள், ஒரு பெண் தப்பான விடை எழுதி மாட்டிக்கொண்டாள். அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லாமல் செத்துப்போனால் என் நெஞ்சு வேகாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நைனார்பாளையம் பக்கத்துக்காரி. அப்பா மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பார், மற்ற நாளில் மரவள்ளிக் காட்டில் களை எடுப்பார். கள்ளக்குறிச்சியில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, கடைசிப் பல வருடங்கள் கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கு இயற்பியல் எடுத்தேன். மாற்றல் உத்தரவு வந்தபோது எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். மலைக்குப் போகிற பேருந்தில் முதல் நாள் நான் வாந்தி எடுத்தது உண்மைதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் பக்கத்து ஆள் மேல் போய் விழுந்து எழுந்தபோதே, நிலைமம் பற்றிப் பாடம் நடத்த இனி பொம்மை வண்டி வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. "பஸ்ஸு அந்தாண்ட திரும்புது, நீ ஏன் இந்தாண்ட சாயற?" என்று கேட்டால் போதும், வகுப்பே ஆளுக்கொரு பதில் சொல்லும். அப்படியே முழுப் பாடமும் நடந்துவிடும்.

மலையில் நான் முதலில் செய்துகாட்டியது தண்ணீர் கொதிக்க வைப்பது. இதைவிடச் சப்பையான சோதனை உலகத்தில் கிடையாது, நீங்கள் சிரிப்பது தெரிகிறது. பீக்கரில் தண்ணீர், கீழே அடுப்பு, உள்ளே வெப்பமானி. தண்ணீர் தளபுளவென்று கொதிக்கும்போது ஒவ்வொருவராக வந்து பார்த்து, பார்த்ததை எழுதிக்கொண்டு போகவேண்டும். எழுதினார்கள். வாங்கிப் பார்த்தால் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் நூறு டிகிரி. ஒரு பிள்ளைகூட மாற்றி எழுதவில்லை. நான் வெப்பமானியைப் போய்ப் பார்த்தேன். தொண்ணூற்றேழைத் தாண்டவில்லை. இன்னொரு வெப்பமானி போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியே.

"ஏம்பா, யாருக்குமே கண்ணு தெரியலியா?" என்றேன்.

"தெரிஞ்சுது மிஸ். தொண்ணூத்தேழுதான் இருந்துச்சு. தெர்மாமீட்டரு கெட்டுப் போச்சுன்னு நெனச்சோம்" என்றான் ஒருவன், என் மனம் நோகாதபடி.

புத்தகம் கெட்டுப் போயிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. புத்தகமும் கெட்டுப் போகவில்லை, அது கடல் மட்டத்தில் உட்கார்ந்து எழுதியது. மேலே வரவரக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் நூறைத் தொடும் முன்பே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. கீழே சின்னசேலத்தில் வேகிற பருப்பு நம் விடுதிச் சமையலறையில் ஏன் வேகமாட்டேன் என்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. சமையல்கார அம்மாவை அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர்கள் அன்று மதியம் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் ஒன்றும் புரியாமல் ஆளுக்கு ஒரு கரண்டி சாம்பார் கூடுதலாக ஊற்றினார்.

அன்று முதல் என் வகுப்பில் ஒரே சட்டம். பார்த்ததை எழுது. புத்தகத்தோடு ஒத்துவரவில்லையா, ஏன் என்று கேள். ஆனால் பார்த்ததை மாற்றாதே. இந்தச் சட்டத்தை வருடா வருடம் கத்திக்கொண்டே இருந்தேன். பிள்ளைகள் வருடா வருடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

ஏனென்றால் நம் தொழிலில் இன்னொரு சட்டம் இருக்கிறது, அது எந்த அரசாணையிலும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதற்குப் பெயர் வரவழைப்பது. முதலில் விடையை எழுதிக்கொள்வது, பிறகு பின்பக்கமாக நடந்துபோய் அந்த விடைக்குத் தகுந்த அளவீடுகளைத் தயாரிப்பது. கைதேர்ந்தவர்கள் அளவீடுகளைக் கொஞ்சம் முன்னே பின்னே போடுவார்கள், அப்போதுதான் இயற்கையாக இருக்குமாம். இந்தக் கலையில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் திறமையைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதில் பாதியை நேர்வழியில் செலவழித்தால் சோதனையையே இரண்டு தடவை செய்துவிடலாம்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் தீபா என்று ஒரு பெண். மலைக்காரப் பெண், ஊர் வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம். மெதுவாக எழுதுவாள். எழுத்துத் தேர்வில் நேரம் முடிந்து மணி அடித்தால் அவள் பாதி வினாத்தாளில் நிற்பாள். ஆனால் கருவியைக் கையில் கொடுத்தால் அவளுக்குப் பொழுது போவது தெரியாது. அவள் அக்கா ஏற்கெனவே திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அப்பா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். பாஸானால் கள்ளக்குறிச்சியில் கல்லூரி, பெயிலானால் அக்காவோடு திருப்பூர். மற்ற பாடங்களில் அவள் எப்படியோ கரையேறிவிடுவாள். இயற்பியல்தான் பயம். எழுத்துத் தேர்வில் அவள் வாங்கக்கூடியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அது போதாது. செய்முறைத் தேர்வு மார்க்தான் அவளைத் தூக்கி நிறுத்தவேண்டும். அவளுக்கும் அது தெரியும்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியே இருந்து ஒரு தேர்வாளர் வருவார். எக்ஸ்டர்னல். அவர் வருகிறார் என்றால் நம் பள்ளிகளில் நடக்கிற கூத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்குக்கூட அவ்வளவு தடபுடல் இருக்காது. நாட்டுக்கோழி சொல்லியாகிவிட்டதா, கிளம்பும்போது கையில் கொடுக்க மலைத்தேன் வந்துவிட்டதா என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எங்கள் தலைமையாசிரியர் முந்தின நாளே பாதி ஆளாகிவிட்டார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர். ஆனால் வெளியாள் கண்ணில் நம் பள்ளி குறைவாகத் தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு கவலை அவரைச் சதா அரித்துக்கொண்டிருக்கும். அந்த வருடம் வரப்போகிறவர் மார்க்கில் கை வைப்பவர் என்று பெயர் எடுத்தவர் வேறு.

தேர்வன்று காலை ஆய்வகத்துக்குள் போனேன். மேற்குச் சுவர் பளிச்சென்று இருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி அந்தச் சுவரில் தேசப்படம் அளவுக்கு ஓர் ஈரக்கறை பல வருடமாக உண்டு. அதைக் காணோம். தலைமையாசிரியர் முந்தின நாள் சாயங்காலம் பையன்களைப் பிடித்து, அலுவலகத்திலிருந்த பெரிய இரும்பு பீரோவை நகர்த்திக்கொண்டு வந்து கறையை மறைத்து நிறுத்தியிருந்தார். "எப்டி மேடம்?" என்றார். "அருமைங்க சார்" என்றேன். வினாத்தாள், விடைத்தாள், பிள்ளைகளின் பதற்றம், இதற்கு நடுவில் பீரோவைப் பற்றி யோசிக்க எனக்கு ஏது நேரம்?

தேர்வு தொடங்கியது. சீட்டுக் குலுக்கியதில் நாலு பேருக்கு டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் விழுந்தது. மூன்று பையன்கள், ஒரு தீபா. பாடம் மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டமான கம்பிச் சுருள், நடுவில் காந்த ஊசி வைத்த பெட்டி. சுருளில் மின்சாரம் விட்டால் ஊசி திரும்பும். எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு என்று கணக்குப் போடவேண்டும். பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது, இருந்தால் ஊசி அதன் பேச்சையும் சேர்த்துக் கேட்கும். எங்களிடம் இருந்தது ஒரே கருவி. நாலு பேரும் முறைவைத்து அதில்தான் பார்த்தார்கள். ஆரம்பிக்கும் முன் நான் வழக்கம்போல் கண்டிப்பாக, "தீபா, தலையில இருக்கற ஊக்கு, கிளிப்பு எல்லாத்தையும் கழட்டு. நீங்க பெல்ட்ட கழட்டுங்கடா" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டர் விழுந்த பிள்ளைகள் பக்கம் போய்விட்டேன். ஆக, தலை கிளிப்பைக் கழற்றிவிட்டு ஆளுயர இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணை நிற்கவைத்துச் சோதனை செய்யச் சொல்லியிருந்தோம்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு எக்ஸ்டர்னல் விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தினார். தீபாவைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? அந்த மூணு பேருக்கும் கரெக்ட்டா வந்திருக்குது. அதே கருவிதான? உனக்கு மட்டும் முக்கால்வாசி வந்திருக்குது. கருவியத் தொட்டியா, இல்ல தூங்கிட்டியா?"

தீபா தன் விடைத்தாளையே பார்த்தாள்.

"பக்கத்துல பசங்க எவ்ளோ எழுதறாங்கன்னு பாக்கலியா?"

"பாத்தன் சார்."

"அப்ப தப்புன்னு தெரியுமில்ல? மாத்தியிருக்கலாமில்ல?"

"தெரியும் சார்." கருவியின் பக்கம் கையைக் காட்டினாள். "ஆனா முள்ளு அங்க நிக்கல சார்."

அவர் சிவப்புப் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "சாப்ட்டு வந்து போட்டுக்கலாம் மேடம். ஆனா இதுக்கு மார்க்கு போடறது கஷ்டம். அடிப்படையே தப்பு" என்றார் என்னிடம். தீபா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை அதில். நான் சொன்னபடிதானே செய்தேன் என்ற பார்வை. வருடம் முழுக்க மாற்றாதே மாற்றாதே என்று கத்தியவள் நான். மாற்றாதவள் ஒருத்தி. அவளைத்தான் இப்போது பெயிலாக்கப் போகிறார்கள்.

அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தேன். பீரோ நின்றுகொண்டிருந்தது. கருவிக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த இடத்தில் சரியான விடை வரவே வராது. இரும்பு பீரோ பக்கத்தில் நிற்கும்போது தீபாவுக்கு வந்ததுதான் வரும். அப்படியென்றால் மற்ற மூன்று பேரும் ஊசியைப் பார்க்கவே இல்லை. ரெக்கார்ட் நோட்டில் மனப்பாடம் செய்ததை வரவழைத்திருக்கிறார்கள். தீபா செய்தது சரி என்று நான் வாயைத் திறந்தால், அந்த மூன்று பேரும் மாட்டுவார்கள். அவர் நினைத்தால் மோசடி என்று எழுதிவிட்டுப் போகலாம். வாயை மூடினால் ஒரு பெண் திருப்பூருக்குப் பேருந்து ஏறுவாள்.

வராந்தாவில் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், கம்முனு இருங்க. கும்புட்டுக் கேக்கறன். மூணு பசங்க பொழப்பு போயிடும், பள்ளிக்கூடம் பேரும் போயிடும். ஒரு பொண்ணுக்கு கொஞ்சம் மார்க்கு கம்மியானா இன்னா? தியரியில பாத்துக்கலாம்."

"தியரியில அவ எங்கங்க சார் பாத்துக்குவா? பாதி கேள்விக்கு மேல எழுதவே மாட்டா."

"அதுக்கு இன்னா பண்றது? ஒருத்தியா, மூணு பேரா?"

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மூன்று பையன்களும் தினக்கூலி வீட்டுப் பிள்ளைகள்தான். எக்ஸ்டர்னல் உள்ளே நாட்டுக்கோழியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அவர் பக்கத்தில் இலை போட்டார்கள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ஆண்டவரே, ஒரு வழி காட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். வழி ஆண்டவர் காட்டினாரோ கோழிக்குழம்பு காட்டியதோ, தெரியாது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரையே பார்த்தபோதுதான் தோன்றியது. இவர் எக்ஸ்டர்னலாகப் பிறக்கவில்லை. இவரும் என்னை மாதிரி ஒரு இயற்பியல் வாத்தியார். இவரிடம் வாதாடினால் தேர்வாளர் பதில் சொல்வார். வாத்தியாரைப் பேசவைக்க வேண்டுமென்றால் ஏதாவது காட்டத்தான் வேண்டும்.

அவர் கை கழுவி வந்ததும், "சார், மார்க்கு போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் வாங்க. அந்த ஊசியப் பாத்துக்கினே இருங்க, வேற ஒன்னும் வேணாம்" என்றேன்.

மேசைக்கு மேல் குனிந்தார். மின்சாரம் இல்லை, ஒயர் எதுவும் மாட்டவில்லை. ஊசி அசையாமல் நின்றது. நான் பீரோ கதவைத் திறந்தேன்.

ஊசி திரும்பியது.

"யாரு தொட்டது?" என்றார்.

"யாரும் தொடலைங்க சார்." கதவை மூடினேன். ஊசி பழைய இடத்துக்கு வந்தது.

அவர் நிமிர்ந்து பீரோவைப் பார்த்தார். என்னை விலக்கிவிட்டு அவரே போய்க் கதவைத் திறந்தார், ஓடிவந்து ஊசியைப் பார்த்தார். மறுபடி மூடினார், மறுபடி ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் அவரால் இரண்டு இடத்திலும் இருக்க முடியாமல், "நீங்க தொறங்க மேடம், நான் பாக்கறன். ம், இப்ப மூடுங்க. பாதி மட்டும் தொறங்க!" என்று என்னை வேலை வாங்க ஆரம்பித்துவிட்டார். மார்க்கில் கை வைக்கிறவர் என்று ஊரே நடுங்கிய மனிதர், புதுப் பொம்மை கிடைத்த பிள்ளையாகிவிட்டார். தலைமையாசிரியர் வாசலில் நின்று எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் நின்றார். சந்தோஷம் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. நான் பயந்த இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்துவிட்டார்.

"அப்ப அந்தப் பொண்ணு எழுதுனதுதான் சரி."

"ஆமாங்க சார்."

"அப்ப இந்த மூணு பேருக்கும் எப்டி மேடம் கரெக்ட்டா வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். கதவு திறந்திருந்தது, மூடியிருந்தது என்று எதையாவது அளந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு நேரம் ஊசியைக் காட்டிவிட்டு அதற்கு மேல் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"நாம காலேஜ்ல படிக்கும்போது உங்களுக்கும் எனக்கும் எப்டி வந்துச்சோ, அப்டித்தாங்க சார் வந்துச்சு" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். சரி, காரியம் கெட்டது என்று நினைத்தேன். தலைமையாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அந்த மனிதர் மீசைக்குள் சிரித்தார். என் உயிர் திரும்பி வந்தது.

"நான் சோனோமீட்டர்ல மேடம். கம்பியவே மாட்டாம எழுதிக் குடுத்தன்" என்றார்.

நான் எதில் வரவழைத்தேன் என்று கேட்காமல் விட்டார், அது அவருடைய பெருந்தன்மை. மூன்று விடைத்தாள்களையும் எடுத்து ஓரமாக வைத்தார். "மார்க்கு இன்னும் ஏத்தல. மூணு பேரையும் கூப்பிடுங்க. மறுபடி எடுக்கட்டும். நான் பக்கத்துலயே உக்காந்துக்கறன்." விதிப்படி அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று நான் அன்றும் கேட்கவில்லை, நீங்களும் இன்று கேட்காதீர்கள்.

தலைமையாசிரியர் பாய்ந்து வந்தார். "சார், இதோ ஒரு நிமிசத்துல பீரோவ நகத்திடறோம்."

"அது அங்கியே இருக்கட்டுங்க சார். இருந்தாத்தான் பசங்க முள்ளப் பாத்தாங்களான்னு தெரியும்" என்றார் அவர். "அதோட நகத்துனா செவத்துல இருக்கற ஈரம் தெரிஞ்சுடுமில்ல? இப்பவே பீரோவுக்கு மேல எட்டிப் பாத்துக்கினுதான் இருக்குது."

எங்கள் தலைமையாசிரியர் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று பையன்களும் வந்தார்கள். முகத்தில் ஈயாடவில்லை. விடை தெரிந்தவர்கள், ஆனால் அது இப்போது உதவாது என்று தெரிந்துவிட்டது. முதலாமவன் பெட்டியை மட்டம் பார்க்கவே தடுமாறினான். நான் வாய் திறக்கக் கூடாது, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் ஒவ்வொன்றாகச் செய்தான். சுருளைத் திருப்பினான், ஊசி நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான், குறித்தான், மின்சாரத்தைத் திசை மாற்றி விட்டான், மறுபடி குறித்தான். வருடம் முழுக்க அவன் அந்த ஊசியை இவ்வளவு மரியாதையாகப் பார்த்து நான் கண்டதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தவன் அலறினான்.

"மிஸ், எனக்கும் தப்பா வருது!"

"எவ்ளோ தப்பு?" என்றார் எக்ஸ்டர்னல்.

சொன்னான். தீபாவின் விடைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூப்பிடு தூரத்தில் இருந்தது.

"அப்ப சரி. எழுது" என்றார். அடுத்தவனுக்கும் தப்பாக வந்தது. மூன்றாமவன் விடை மட்டும் எங்கேயோ போயிருந்தது, அவன் ஒரு ஒயரை மாற்றி மாட்டியிருந்தான். அதையும் அவன்தான் கண்டுபிடித்துத் திருத்தினான். அந்தப் பையன்களுக்கு அவர் மார்க் குறைத்தார், நியாயமாகத்தான் குறைத்தார், ஆனால் பெயிலாக்கவில்லை. யார் மேலும் எதுவும் எழுதவில்லை.

இளையவர்களே, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது பீரோவை நகர்த்துங்கள் என்பது அல்ல, அதையும் செய்யுங்கள். பார்த்ததை எழுது என்று சொல்லிக்கொடுப்பது சுலபம். எழுதின பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்பதுதான் நம் வேலையில் கஷ்டமான பகுதி. அன்றைக்கு நான் நின்றேனே தவிர, கால் நடுங்கிக்கொண்டுதான் நின்றேன். நடுங்காமல் நிற்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

மார்க் பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டேன். தீபாவுக்கு நேராக அவர் போட்டிருந்ததைப் பார்த்தேன், அதற்கு மேல் போட இடமில்லை. அந்த மார்க்கை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. உறையில் போட்டு ஒட்டி அரக்கு வைத்தோம். எக்ஸ்டர்னல் தேன் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நான் வெளியே வந்தேன். தீபா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. அழுது முகம் வீங்கியிருந்தது. கழற்றிக் கொடுத்த கிளிப்பைக்கூடத் திரும்ப வாங்காமல், தலைமுடி முகத்தில் விழ நின்றிருந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் போனேன். சொல்லக் கூடாதது என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, என்னையே உற்றுப் பார்த்தாள்.

"மிஸ்," என்றாள் மெதுவாக, "அப்ப நான் திருப்பூருக்குப் போவ வேணாமா?"

"நாளான்னிக்கு கெமிஸ்ட்ரி பிராக்டிகல் இருக்குதில்ல?" என்றேன். "போய் அதப் படி, போ."